வினா, விடை, காட்டு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

நாடகத்திற்கு முன் சிறிது நேரம் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். அவர்கள் எனக்குத் தந்த பொருள், ‘நம் குழந்தைகளின் கல்வி’ என்பது. அது கடல் போன்றது. அக்கடலைக் கடக்கும் ஆற்றல் எனக்கு இல்லை. ஆதலின் ஒரு சிறு துறையில் மட்டும் இறங்கி முகம் கழுவிக்கொண்டு கரையேறிவிட எண்ணுகிறேன். ஒரு பத்தியைக் கொடுத்து, அதன்கீழ்ச் சில வினாக்களைக் கேட்டால், மாணவர் எவ்வாறு விடையளித்தல் வேண்டும் என்பதே அத்துறை.

“இதற்கு ஒரு சொற்பொழிவு வேண்டுமா?” என்று சிலர் எண்ணலாம். பத்தியில் இருப்பதைப் பார்த்து எழுதுவதில் என்ன அருமை இருக்கிறது என்றும் கேட்கலாம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறையில் நின்ற நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை மாற்றியவள் எட்டாம் வகுப்பில் படித்த ஒரு சிறுமி. அவளுக்கு நான் இழைத்த தவற்றை முதலில் உங்கள்முன் வைக்கிறேன்.

அரையாண்டுத் தேர்வுக்குத் தமிழ் வினாத்தாளை அமைக்கும் பொறுப்பு அவ்வாண்டு எனக்கு வந்தது. பாடநூலில் இல்லாத ஒரு பத்தியை நானே எழுதினேன். அது ஐந்து வாக்கியங்களே கொண்டது: “முத்தம்மாள் அடுப்பை அணைத்தாள். வழக்கம்போல் இரண்டு தட்டுகளை எடுத்து வைத்தாள். சற்று நேரம் நின்றாள். ஒரு தட்டை எடுத்து மீண்டும் அலமாரியில் வைத்தாள். வாசற்கதவைத் தாழிடாமலே உண்ண அமர்ந்தாள்.” இதன்கீழ், “முத்தம்மாளின் மனநிலை யாது?” என்று ஒரு வினா. அதற்கு இரண்டு மதிப்பெண். “கணவனை இழந்த துயரில் இருக்கிறாள்” என்பது நான் எழுதிவைத்திருந்த விடைக்குறிப்பு.

வகுப்பிற் பெரும்பாலோர் ‘துயரம்’ என்று எழுதி மதிப்பெண் பெற்றனர். ஒரு சிறுமி மட்டும், “அவள் யாரையோ எதிர்பார்க்கிறாள். இன்று வரமாட்டார் என்று நினைக்கிறாள். ஆனாலும் நம்பிக்கையை விடவில்லை” என்று எழுதியிருந்தாள். நான் சுழியம் இட்டேன். விடைத்தாளைப் பெற்றுக்கொண்டவள் என் மேசையருகே வந்து நின்றாள். “கதவைத் தாழிடவில்லையே, டீச்சர். யாரும் வரமாட்டார் என்றால் தாழிட்டிருப்பாளே?” என்றாள். அவள் விரல் அந்த ஐந்தாம் வாக்கியத்தின்மேல் இருந்தது.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பத்தியை எழுதியவள் நான். எனக்குத் தெரியாதா?” என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் தன் இடத்திற்குப் போய் அமர்ந்தாள். அந்த ஆண்டு முழுதும் அவள் பிறகு ஒருமுறைகூடக் கை தூக்கவில்லை. இறுதித் தேர்வில் அவள் எழுதிய விடைகள் எல்லாம் நான் வகுப்பில் சொன்ன சொற்களாகவே இருந்தன. முழு மதிப்பெண் இட்டேன். இடும்போதே எதையோ இழந்துவிட்டோம் என்ற உணர்வு எனக்குள் எழுந்தது.

அன்பர்களே, அந்தப் பத்தியை இப்போது நடுநிலையோடு பாருங்கள். ‘கணவன்’ என்ற சொல் அதில் எங்கே இருக்கிறது? இறப்பு என்பது எங்கே இருக்கிறது? இரண்டும் என் மனத்தில் இருந்தன, தாளில் இல்லை. ‘வழக்கம்போல்’ என்ற சொல், நாள்தோறும் இருவர் உண்ட வீடு அது என்பதைக் காட்டுகிறது. ஒரு தட்டு அலமாரிக்குத் திரும்பியது, இன்று ஒருவர் இல்லை என்பதைக் காட்டுகிறது. ‘தாழிடாமலே’ என்ற சொல்லோ, வருகைக்கு இன்னும் இடம் இருக்கிறது என்பதைக் காட்டுகிறது. அச்சிறுமி எழுதிய மூன்று வாக்கியங்களுக்கும் பத்தியிலே சான்று இருந்தது. நான் எழுதிய ஒரு வாக்கியத்துக்குச் சான்று இல்லை. சுழியம் பெற்றிருக்க வேண்டியவள் நான்.

இந்நிகழ்ச்சிக்குப் பல ஆண்டுகளுக்குப் பின், ‘பீசா’ என்று வழங்கும் உலகளாவிய தேர்வின் மாதிரி வினாக்களைப் படிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பதினைந்து வயது மாணவர்க்காக 2000 ஆம் ஆண்டு முதல் நடத்தப்பட்டுவரும் தேர்வு அது. அதன் முதற் சுற்றில் இரண்டு கடிதங்கள் கொடுக்கப்பட்டிருந்தன. சுவர்களில் வண்ணத்தால் கிறுக்குவதைப் பற்றியவை அவை. ஹெல்கா என்பவள், பள்ளிச் சுவரை நான்காம் முறையாகத் தூய்மை செய்ய நேர்ந்ததே என்று சினந்து எழுதுகிறாள். சோஃபியா என்பவள், வணிக நிறுவனங்கள் தெருவெங்கும் விளம்பரப் பலகைகளை நாட்டும்போது நம்மிடம் இசைவு கேட்டார்களா என்று எதிர்வினவுகிறாள். இவ்விருவருள் யாருடைய கருத்தோடு நீ உடன்படுகிறாய் என்பது ஒரு வினா.

இதற்குச் சரியான விடை எது? ஹெல்கா என்றாலும் முழு மதிப்பெண். சோஃபியா என்றாலும் முழு மதிப்பெண். ஆனால், கடிதத்தில் சொல்லப்பட்டதைத் தன் சொல்லில் எடுத்துக்காட்டிக் காரணம் கூறியிருக்க வேண்டும். “கிறுக்குவது கெட்ட பழக்கம், ஆகவே ஹெல்கா” என்று கடிதத்தைத் தொடாமல் எழுதினால் அது போதாது. அடுத்த வினா இன்னும் நுட்பமானது. நீ யாரோடு உடன்பட்டாலும் சரி, இரண்டனுள் நன்றாக எழுதப்பட்ட கடிதம் எது என்று அது கேட்கிறது. உடன்படாத ஒருவர் எழுதியதையும் ‘நன்றாக எழுதியிருக்கிறார்’ என்று ஒப்புக்கொள்ளும் பண்பை அவ்வினா வளர்க்கிறது. பெரியவர்களாகிய நம்மில் எத்தனை பேருக்கு அது வாய்த்திருக்கிறது?

அத்தேர்வின் 2009 ஆம் ஆண்டுச் சுற்றில் நம் நாட்டிலிருந்து தமிழ்நாட்டு மாணவரும் இமாசலப் பிரதேச மாணவரும் கலந்துகொண்டனர். முடிவு வெளிவந்தபோது இரு மாநிலங்களும் பட்டியலின் அடியில் இருந்தன. வினாக்களின் சூழல் நம் பிள்ளைகளுக்கு அயலானது என்று பலர் கூறினர். அதில் உண்மை உண்டு. எனினும், மனப்பாடம் செய்ததை எழுதிப் பழகிய கை, கண்முன் இருக்கும் பத்தியிலிருந்து காரணம் எடுத்துக்காட்டத் தடுமாறும் என்பதும் உண்மையே. நடுவண் இடைநிலைக் கல்வி வாரியமும் இதனை உணர்ந்தே வினாத்தாளை மாற்றி வருகிறது. 2024–25 கல்வியாண்டில் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை, தேர்வில் பாதியளவு திறன் சார்ந்த வினாக்களாக இருக்கும் என்று வகுத்தது. ‘கூற்று, காரணம்’ என இரண்டு வாக்கியங்களைத் தந்து, பின்னது முன்னதை விளக்குகிறதா என்று கேட்கும் வினாவை உங்கள் வீட்டுப் பிள்ளைகள் நன்கு அறிவார்கள்.

இவையெல்லாம் மேல்நாட்டிலிருந்து வந்த புதுமை என்று எவரும் மலைக்க வேண்டா. தமிழர்க்கு இது பழைய சொத்து. உரை என்பது எப்படி அமைதல் வேண்டும் என்று தொல்காப்பியத்தின் மரபியல் கூறும்போது, ஏதுவும் எடுத்துக்காட்டும் வேண்டும் என்கிறது. நன்னூல், காண்டிகையுரைக்குக் கருத்து, பதப்பொருள், காட்டு, வினா, விடை என்னும் ஐந்தையும் உறுப்பாக வைக்கிறது. வினாவும் விடையும் மட்டும் போதா, ‘காட்டு’ம் வேண்டும். எவ்வளவு அழகான சொல்! பெயராகக் கொண்டால் எடுத்துக்காட்டு, வினையாகக் கொண்டால், “எங்கே, காட்டு!” என்னும் கட்டளை.

நம் உரையாசிரியர்கள் அந்தக் கட்டளைக்குப் பணிந்தே எழுதினார்கள். தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு உரை கண்ட சேனாவரையர், தமக்கு முன்னிருந்த இளம்பூரணரை ‘உரையாசிரியர்’ என்று மதிப்போடு சுட்டிக்கொண்டே, அவர் கருத்துப் பொருந்தாத இடங்களிற் காரணம் காட்டி மறுத்தார். திருக்குறளுக்குப் பழைய உரைகள் பத்து என்பது மரபு. பின்வந்த பரிமேலழகர், பிறர் கொண்ட பொருளை எடுத்துரைத்து, அஃது ஏன் பொருந்தாது என்று விளக்கிச் செல்வதைக் காணலாம். முன்னோர் சொன்னார் என்பதற்காக ஏற்றலும் இல்லை. எனக்குத் தோன்றியது என்பதற்காக மறுத்தலும் இல்லை. நூலே நடுவராக இருந்தது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887 ஆம் ஆண்டில் அச்சிட்டு வெளியிடுவதற்கு முன் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். விளங்காத சமணக் கருத்துகளை ஊகித்து எழுதிவிட அவர் மனம் ஒப்பவில்லை. சமணர்களிடமே சென்று கேட்டுத் தெளிந்தார். சான்றின்றிப் பொருள் கூறலாகாது என்னும் கூச்சம் அது. அக்கூச்சத்தை எட்டு வயதுப் பிள்ளைக்கும் கற்பிக்கலாம்.

எப்படிக் கற்பிப்பது? இனி அதனைச் சொல்கிறேன்.

நம் அளவை நூலார், உண்மையை அறியும் வழிகளுள் காண்டல், கருதல் என்னும் இரண்டை முதன்மையாக வைத்தனர். கண்ணால் நெருப்பைக் காண்பது காண்டல். புகையைக் கண்டு, அங்கே நெருப்பு உண்டு என்று துணிவது கருதல். பத்தியின்கீழ் வரும் வினாக்களையும் இவ்வாறே பிரிக்கலாம். “முத்தம்மாள் எத்தனை தட்டுகள் எடுத்தாள்?” என்பது காண்டல் வினா, விடை தாளிலே கிடக்கிறது. “அவள் வீட்டில் வழக்கமாக எத்தனை பேர் உண்பர்?” என்பது கருதல் வினா, புகை தாளில் இருக்கிறது, நெருப்பை நாம் துணிய வேண்டும். “அவள் செய்தது சரியா? நீ என்ன கருதுகிறாய்?” என்பது மூன்றாவது வகை, அதற்கு நம் மனமும் வேண்டும், தாளும் வேண்டும். தன்முன் இருப்பது எவ்வகை வினா என்று பிள்ளை கண்டுகொண்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது, விடையைச் சொல்லுமுன் விரலை வைப்பது. எந்தச் சொல், எந்த வரி உன்னை அப்படி எண்ண வைத்தது? அவ்விடத்தில் விரலை வைக்கச் சொல்லுங்கள். விரல் வைக்க இடமில்லையென்றால், விடை வேறெங்கிருந்தோ வந்திருக்கிறது என்பது பொருள். என் விடைக்குறிப்பு அப்படித்தான் வந்தது.

பின்னர், விடையையும் சான்றையும் ‘ஏனெனில்’ என்ற சொல்லால் பிணைக்கச் சொல்லுங்கள். இங்கேதான் பெரும்பாலோர் வழுக்கி விழுகிறார்கள். சிலர் விடையை மட்டும் எழுதுவர். சிலர் பத்தியிலிருந்து நான்கு வரிகளை அப்படியே பெயர்த்து எழுதுவர். அவற்றுள் ஏதாவது ஒன்று விடையாக இருக்கட்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. வலையை வீசிவிட்டு, மீனை நீங்களே பொறுக்கிக்கொள்ளுங்கள் என்று ஆசிரியரிடம் சொல்வது போன்றது அது. “முத்தம்மாள் நம்பிக்கையை விடவில்லை, ஏனெனில் உண்ண அமரும்போதும் கதவைத் தாழிடவில்லை, வரக்கூடிய ஒருவர்க்காகவே கதவைத் திறந்து வைப்பார்கள்” என்று எழுதினால், விடை, சான்று, இரண்டையும் இணைக்கும் காரணம் ஆகிய மூன்றும் வந்துவிட்டன. மூன்றாம் பகுதியை எழுதப் பழகாத பிள்ளைக்குச் சான்று கையில் இருந்தும் வழக்குத் தோற்றுவிடும்.

கடைசியாக, எல்லையை அறிதல். முத்தம்மாள் யாரை எதிர்பார்க்கிறாள்? கணவனையா, மகனையா, தங்கையையா? பத்தி சொல்லவில்லை. “பத்தியில் அதற்குச் சான்று இல்லை” என்பதும் ஒரு நல்ல விடையே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். தெரியாததைத் தெரியாது என்று உறுதியோடு சொல்வதற்கு மிகுந்த தெளிவு வேண்டும்.

இதனைத் தமிழில் பழக்குவதில் நமக்கு ஒரு தனி நலம் உண்டு. நம் மொழியில் ஓர் எழுத்தும் சான்று கூறும். “மழையும் பெய்தது” என்றால், மழையன்றி வேறொன்றும் நிகழ்ந்தது என்று அந்த ‘உம்’ சொல்லிவிடுகிறது. அதனை எச்சவும்மை என்பர். தொல்காப்பியம் இடையியலில் உம்மைக்கு மட்டும் எட்டுப் பொருள் வகுத்திருக்கிறது. ‘தாழிடாமல்’ என்பதற்கும் ‘தாழிடாமலே’ என்பதற்கும் உள்ள வேற்றுமையை அந்தச் சிறுமியின் காது கேட்டது. நம் குடியிருப்புப் பிள்ளைகள் தெருவில் இந்தி பேசுகிறார்கள். பள்ளியில் ஆங்கிலம் படிக்கிறார்கள். வீட்டிலும் சங்கத்தின் ஞாயிறு வகுப்பிலும் தமிழோடு பழகுகிறார்கள். ஆங்கிலத் தேர்வுக்கு நேரம் போதவில்லை, தமிழ் எதற்கு என்று கேட்கும் பெற்றோர்க்கு நான் சொல்வது ஒன்றுதான்: வரியின்மேல் விரலை வைத்துக் காரணம் சொல்லும் பழக்கம் எம்மொழியில் வந்தாலும் மற்ற மொழிகளுக்கும் உடன் வரும். தாயின் மடியில் கேட்ட மொழியில் அது எளிதாக வரும்.

இதற்குத் தனி நூல் வாங்க வேண்டியதில்லை. இரயில் பயணச் சீட்டைக் கையில் கொடுத்து, “நாம் எந்தப் பெட்டியில் ஏற வேண்டும்? எப்படித் தெரிந்தது?” என்று கேளுங்கள். மின்கட்டணச் சீட்டைக் கொடுத்து, “சென்ற மாதத்தைவிட மிகுதியாகச் செலவழித்தோமா?” என்று கேளுங்கள். மருந்துப் புட்டியின் மேல் ஒட்டிய தாளைக் காட்டி, “இது இன்னும் பயன்படுத்தத் தக்கதா?” என்று கேளுங்கள். இரவில் பாட்டி கதை சொல்லி முடித்ததும், “நரி பொய் சொல்கிறது என்று உனக்கு எப்போது தெரிந்தது?” என்று கேளுங்கள். கைப்பேசியில் ஒரு செய்தி வந்து, வீட்டார் அனைவரும் அதனை நம்பி அதிர்ச்சியுறும் வேளையில், “இதை யார் சொன்னார்? எங்கே இருக்கிறது?” என்று ஒரு பிள்ளை கேட்குமானால், அப்பிள்ளை கற்றுவிட்டது என்று கொள்ளலாம்.

ஆனால், ஒன்றை மறவாதீர்கள். “எங்கே இருக்கிறது, காட்டு” என்னும் வினா இரு பக்கமும் கூரிய வாள். பிள்ளையை நாம் கேட்டால், பிள்ளையும் நம்மைக் கேட்கும். “அப்பா, நீங்கள் சொல்வதற்குச் சான்று என்ன?” என்று கேட்கும். அப்போது, “எதிர்த்துப் பேசாதே” என்று அடக்கினால் கற்பித்தது அத்தனையும் வீணாகிவிடும். கேட்பதில் பணிவு வேண்டும் என்று திருத்துங்கள், கேட்பதையே தடுத்துவிடாதீர்கள்.

சிலப்பதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். பொற்கொல்லன் சொன்ன சொல்லை மட்டும் நம்பி, வேறு சான்று தேடாமல் பாண்டியன் தண்டனை விதித்தான். கண்ணகி அரசவைக்கு வந்து, தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். அரசியின் சிலம்பிலோ முத்து. சிலம்பு உடைந்தது, மாணிக்கம் தெறித்தது. தமிழில் சான்று காட்டி வழக்குரைத்த பெருமை ஒரு பெண்ணுக்கு உரியது என்று நாம் மேடைதோறும் பேசுகிறோம். அதே காட்சியில் பாண்டியனுடைய பெருமையும் ஒன்று உண்டு. சான்றைக் கண்ட அக்கணமே அவன் தன் தவற்றை ஒப்புக்கொண்டான். “அரசன் நான், எனக்குத் தெரியாதா?” என்று அவன் கேட்கவில்லை.

நான் கேட்டேன். இரண்டு மதிப்பெண் பெறுமான ஒரு வழக்கில், விரலைச் சான்றின்மேல் வைத்து நின்ற ஒரு சிறுமியிடம் அப்படிக் கேட்டேன். அவள் இப்போது எந்த ஊரில் இருக்கிறாளோ, அறியேன். அவளுக்கும் பிள்ளைகள் இருக்கலாம். அவர்களும் இதுபோன்ற ஒரு பத்தியின்முன் அமர்ந்து பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கலாம். அந்த விடைத்தாள் இன்று என் கையில் இல்லை. இருந்திருந்தால் சுழியத்தை அடித்துவிட்டு இரண்டு என்று எழுதி, பக்கத்தில் ‘நன்று’ என்றும் எழுதியிருப்பேன்.

உங்கள் பிள்ளைகள் உங்களிடம் ஒரு வரியைக் காட்டிக்கொண்டு வரும்போது, செய்துகொண்டிருக்கும் வேலையைச் சற்று நிறுத்தி, அவர்கள் விரல் எங்கே இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். இதுவே நான் உங்களிடம் வேண்டுவது.